அக்கா திண்டிவனத்தில் இருக்கிறாள்

அக்காவின் குடை கறுப்புத் துணி, எலும்புக் கைப்பிடி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிக்கா பரீட்சைக்குப் படிக்கிற பெண் வெயிலில் நடக்கக் கூடாதென்று அப்பா புதுச்சேரிக்குப் போய் வாங்கி வந்தது. பாகூர்ப் பக்கம் கரும்பு போட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பதினைந்து வயதுப் பெண் படிக்கப் போவதே பேச்சாக இருந்த காலம். அதில் குடையும் பிடித்துக்கொண்டு போனால் கேட்க வேண்டுமா? எனக்கு ஒன்பது வயது. அந்தக் குடைக்காக நான் அவளோடு மல்லுக்கு நிற்காத நாளில்லை. எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எம்பு பாக்கலாம், குள்ளக் கத்திரிக்கா" என்பாள். துணியில் ஒரு கிழிசல் விழுந்தபோது, வீட்டில் கறுப்பு நூல் இருந்தும், வேண்டுமென்றே சிவப்பு நூலால் தைத்தாள். அவள் அப்படித்தான்.

ஒரு மார்கழி மாதத்தில் காலையில் பள்ளிக்கூடம் போனவள் வீடு திரும்பவில்லை. தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக ஒரு வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஓடிப்போய்விட்டாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள். போலீசில் எழுதிவைக்கலாம் என்று அம்மா அழுதாள். அப்பா என்னைக் கைகாட்டி, "இதோ இன்னொருத்தி நிக்கிறா. நாளைக்கி இவள எவன் கட்டுவான்?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அக்கா திண்டிவனத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள், அத்தைக்கு உடம்பு சரியில்லை. ஊருக்கு நாங்கள் சொன்னது இதுதான். சாப்பாட்டுக்கு முன் அப்பா என்னை எதிரில் நிறுத்தி மூன்று தடவை ஒப்பிக்கச் சொல்வார். வாய்ப்பாட்டில் ஏழாவதைத் தாண்டாத எனக்கு இது மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. அப்பா தேடாமல் இல்லை. மாடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வில்லியனூர் ரயிலடியில் ஏறி விழுப்புரம், அதற்கு அப்பால் என்று அலைந்துவிட்டு, மாடில்லாமல் திரும்புவார். பெண்ணைக் காணோம் என்று ஒருவரிடமும் வாய்திறக்காமல் எப்படித் தேடினாரோ தெரியாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தெற்கே இருந்த சுங்கச் சாவடிச் சேவகர் ஒருவர் வந்தார். எங்கள் ஊரிலிருந்து தெற்கே நடந்தால் இங்கிலீஷ்காரன் எல்லை. புதுச்சேரியில் வாங்கிய சாமானைத் தீர்வை கட்டாமல் அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் நான்தான் இருந்தேன். அவர் கையில் அக்காவின் குடை.

"இது உங்க வூட்டுப் பொண்ணோடதா பாரு பாப்பா. தீர்வைக்குக் காசில்ல, இங்கியே இருக்கட்டும், சாயங்காலம் திரும்பி வர்றப்ப எடுத்துக்கறேன்னு வெச்சிட்டுப் போச்சு. வரவேயில்ல. இனிமே வெச்சிருந்தா சுங்கக் கச்சேரிக்கு அனுப்பச் சொல்வாங்க."

"எங்கக்கா திண்டிவனத்துல அத்தை வூட்டுல இருக்கா. அத்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"அப்ப இது?"

"எங்களுது இல்ல."

அவர் குடையை விரித்து ஒரு தரம் பார்த்தார். சிவப்புத் தையல் தெரிந்தது. மடக்கிக்கொண்டு போய்விட்டார். கொல்லையிலிருந்து அம்மா, "யாருடி வந்தது, இன்னா கேட்டான்?" என்றாள். குடை விற்கிறவன் என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் படிப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். பயமில்லை, பெருமை. அத்தனை தடவை ஒப்பித்ததை ஒரு வேற்று ஆளிடம் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேனே என்ற பெருமை. அவர் சொன்னதன் அர்த்தம் உறைக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. ஓடிப்போகிறவள் சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆசைக் குடையை வைத்துவிட்டுப் போவாளா? அவள் திரும்பி வரத்தான் போயிருக்கிறாள். யாரைப் பார்க்க, எதற்கு, வழியில் என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. அப்பா வடக்கிலும் மேற்கிலும் தேடிக்கொண்டிருந்தார். தெற்கே போகச் சொல்ல என் ஒருத்தியால்தான் முடிந்திருக்கும்.

அந்தப் பொய்யின் தயவில் எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா கடைசிவரை பெரியவளை மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "சாயங்காலம்னா சொன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறையும் அதையே கேட்டாள்.

இப்போது சாவடி இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை, இங்கிலீஷ்காரனும் இல்லை. மகனோடு கடலூருக்குப் பஸ்ஸில் போகும்போது எல்லை எது என்றே தெரியாமல் கடந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் மட்டும் இரண்டு பக்கமும் பார்ப்பேன். இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பாள், எனக்குத் தெரியும். என் கண் தேடுவதென்னவோ பதினைந்து வயதுப் பெண்ணைத்தான். அவளைப் பார்க்காமல் எனக்குச் சாக மனசில்லை.

எங்கள் வீட்டில் ஒருவரும் ஊரறியச் சொல்லாத ஒன்று உண்டு. என்னை எவன் கட்டுவான் என்ற கவலை இனி யாருக்கும் இல்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் காணவில்லை. மாநிறம், ஒல்லி உடம்பு. நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. வலது கை நடுவிரலில் மைக்கறை இருக்கும். கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க மாட்டாள். இன்னொரு தடவை கூப்பிட வேண்டும்.