காந்தப் பொத்தான்

தாராவியில் பை தைக்கிறவர்களுக்கு ஜிப், பக்கிள், பொத்தான் விற்கிற கடை என்னுடையது. பூலோகம் என்று பெயர்தான் பெரிது; கடைக்குள் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. பதினெட்டு வருடமாகத் தினம் ஒரு தடவையாவது அங்கே வந்து என் வாயைக் கிளறிவிட்டுப் போகிறவர் கலீலுல்லா. மேலப்பாளையத்துக்காரர். தோல் பை தைப்பதில் இந்தச் சந்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை. அடுத்தவன் தைத்த பையைக் கையில் எடுத்தால் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, நாலு குறை சொல்லாமல் கீழே வைக்கமாட்டார். ஒரு தடவை எவனோ பர்ஸில் காந்தப் பொத்தான் வைத்துவிட்டான் என்று என் கடைவாசலில் நின்று ஏசினார்.

"ஏடிஎம் கார்டு செத்துப்போவும்லாவே! தொழில் தெரிஞ்சவன் செய்ற வேலையா இது?"

அந்தப் பேச்சு இப்போதும் என் காதை விட்டுப் போகவில்லை.

அவருக்கு ஒரே மகள், உமைரா. ஐரோலியில் ஒரு ஆபீஸில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாரோ போனில் கத்துவதைக் கேட்பதுதான் வேலை. நாலு வருடத்தில் இடது காதில் ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த வேலையை விடாவிட்டால் காது போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் சும்மா இருக்கவில்லை. பை, நாற்காலி, செருப்பு என்று எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் நிஜம்போல உருவாக்கிக் காட்டும் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஒரு பெரிய கம்பெனி அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. வீட்டிலேயே, சொந்த லேப்டாப்பில், கேமரா முன்னால் நாலு மணி நேரம் செய்து காட்ட வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால் அதோடு சரி. மறுபடி கேட்க ஒரு வருடம் ஆகும். அவளிடம் இருந்த பழைய லேப்டாப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்றுவிடும். அதனால் நாலு வருடச் சேமிப்பையும் போட்டு, இருப்பதிலேயே உசத்தியான ஒன்றை வாங்கிவிட்டாள்.

வாங்கி வந்த அன்றைக்குப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு வீடு. அதை வைக்க இடம் இல்லை. ஃப்ரிட்ஜ்மேல் வைத்தால் சூடு, கட்டில்மேல் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். உமைராவின் அம்மா ஹபீபா கடைசியில் அரிசி டிரம்மின்மேல் துணி விரித்து அங்கே வைத்தாள். தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அந்தத் திரையின் வெளிச்சத்தில் வீட்டுச் சுவரில் இருந்த ஓதம் எல்லாம் தெரிந்தது.

"சத்தமே இல்ல பாருங்க மாமா" என்றாள் உமைரா. "பழசு ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். நம்ம வீட்ல சத்தம் போடாத சாமான் இது ஒண்ணுதான்."

வாப்பா தைத்த பை ஒன்றை அதில் உருவாக்கி வைத்திருந்தாள். விரலால் திருப்பினால் பை திரும்பியது. ஒவ்வொரு தையலும் தெரிந்தது. கலீலுல்லா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"கைப்பிடிக்கிட்ட ரெண்டு தையல் கொறையுது."

அவள் சிரித்துக்கொண்டே அங்கேயே இரண்டு தையலைச் சேர்த்தாள். அன்றைக்கு அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாளே அவருக்குக் கவலை வந்துவிட்டது. எங்கே இடிக்குமோ, எதில் கீறுமோ என்று. "இத அம்மணமா வச்சிருக்கப்படாதுவே. ஒரு சட்டை தச்சிருவோம்" என்றார். நல்ல கன்றுத்தோல் எடுத்து, அளவுக்குக் கச்சிதமாக ஓர் உறை தைத்தார். லேப்டாப்பை உறையோடேயே திறந்து வேலை செய்யலாம். முன்பக்கம் நாக்குமாதிரி ஒரு பட்டை. மூடினால் மேலே வந்து காந்தப் பொத்தானில் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பொத்தான் போதும் என்றுதான் கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? பிள்ளை பஸ்ஸில் கொண்டுபோனால் திறந்துகொள்ளக் கூடாது என்று சொல்லி, புதிதாக வந்திருந்த பலத்த காந்தமாக எடுத்து நானே கொடுத்தேன்.

உறை போட்ட பிறகு இரண்டு மூன்று தடவை திரை தானாக அணைந்தது. உமைரா பதறிப்போய்ச் செம்பூரில் இருக்கிற சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாள். அவர்கள் உறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவளும் நம்பினாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குள்ளே ஏணி வைத்து ஏறுகிற மாளா என்கிற பரணில் உட்கார்ந்துகொண்டாள். நிமிர்ந்தால் தகரக்கூரை தலையில் இடிக்கும். கலீலுல்லா காலையிலேயே சந்து முழுக்கப் போய், மதியம்வரை மெஷினை ஓட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தார். யாரிடமும் கெஞ்சி நான் பார்க்காத மனிதர். நானும் அவரும் வாசலில் நின்றோம். மூன்று மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் உமைரா ஏணியில் இறங்கி வந்தாள்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"நெட் போயிட்டு வாப்பா" என்றாள். "வெளிய தள்ளிட்டாங்க. எல்லாம் கதம்."

கலீலுல்லா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து உமைரா என் கடைக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்து கவுண்டர்மேல் வைத்து, உறையின் நாக்கைத் தூக்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரை அணைந்தது. எடுத்தாள். வந்தது. வைத்தாள். அணைந்தது.

"மூடிட்டாங்களா இல்லையானு இது காந்தத்த வச்சுத்தான் கண்டுபிடிக்குமாம் மாமா. முழங்கால் மரத்துப்போச்சுனு கால மடக்கினேன். நாக்கு மேல வந்து விழுந்துட்டு. மூடியாச்சுனு நெனச்சுத் தூங்கிப்போச்சு."

அந்தக் காந்தத்தை எடுத்துக் கொடுத்த கை இது.

"வாப்பாட்ட சொல்லிராதீங்க, நெட் போனதாவே இருக்கட்டும். பொத்தான மட்டும் மாத்தித் தாங்க."

காந்தங்களைப் பிரித்து எடுத்துவிட்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்கிற சாதாரண டிச் பட்டன் வைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தையலைப் போட்டுக் கொடுத்தேன். தையல் தெரியாதவன் செய்கிற காரியமா இது? அதுவும் யார் வீட்டுக்குப் போகிற சாமானில்?

நாலாம் நாள் கலீலுல்லா வந்து, உறையைக் கவுண்டர்மேல் புரட்டிப் போட்டார்.

"இது என் தையல் இல்ல. காந்தம் எங்கவே?"

நான் ஜிப் பாக்கெட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் காந்தம் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தேர்வு எதனால் போனது என்று அவருக்கே விளங்கிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பர்ஸுல காந்தம் வச்சவன ஏசினேம்லாவே" என்றார். "எனக்கே தெரியும். தெரிஞ்சும் வச்சிருக்கேன்."

"காந்தத்தக் குடுத்தது நானுல்லா அண்ணாச்சி."

"தச்சது நான்."

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். தனக்குத் தெரிந்துவிட்டது என்று உமைராவிடம் சொல்லக் கூடாது.

அவள் இன்னும் ஐரோலிக்குத்தான் போகிறாள். இப்போது ஹெட்போனை வலது காதில் மாட்டுகிறாள். அந்த உறையைத் தினமும் கையில் பிடித்துக்கொண்டு, கலீலுல்லா பார்க்கும்படி அவர் தைக்கிற பட்டறை வாசல் வழியாகவே போகிறாள். அவரும் யார் பையையும் புரட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். கடைக்கு வந்தால் வேண்டியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்.

அவர் வாய் திறப்பது வீட்டில் மட்டும்தான். சாயங்காலம் மகள் வந்து உட்கார்ந்ததும் அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, தேர்வன்று நெட்டை அறுத்துவிட்டான் என்று வீட்டுக்கு நெட் கொடுத்த கேபிள்காரனைச் சத்தம் போட்டுத் திட்டுகிறார்.