நெஞ்சில் வயர் பூட்டிய மாப்பிள்ளை

என் கைக்கு மட்டும் இருபத்தோராம் நூற்றாண்டு கொஞ்சம் முந்தியே வந்து சேர்ந்தது. எண்பதுகளின் நடுவில் சவுதியிலிருந்து வந்த அத்தான் அதை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்: முகத்தில் கல்குலேற்றர் வைத்த கறுப்பு மணிக்கூடு. பொத்தான்கள் மிளகளவுகூட இல்லை. அவற்றை அமர்த்துவதற்கென்றே சின்னவிரல் நகத்தை வளர்த்தேன். நான் ஒரு கூட்டல் கணக்குக்கு விடை எடுப்பதற்குள் அம்மா சோற்றை வடித்து இறக்கிவிடுவார்.

அந்நாளில் ஒரு சஞ்சிகையில், இரண்டாயிரமாம் ஆண்டு எப்படியிருக்கும் என்று படம் போட்டிருந்தார்கள். வெள்ளிநிற உடுப்புக்காரர் ஒருவர் பறக்கும் காரில் இருந்தபடி தன் மணிக்கூட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பதில் ஒரு குளிசை மாத்திரை. அந்தப் பக்கத்தை வெட்டி அறைச் சுவரில் ஒட்டினேன். எங்கள் ஊரான கோப்பாயில் அந்த மனிதருக்கு மிகக் கிட்ட வந்தவன் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கார்தான் குறை. சைக்கிள் இருந்தது.

தொண்ணூறில் திரும்பவும் போர் மூண்ட பிறகு எதிர்காலம் பின்பக்கமாக ஓடத் தொடங்கிற்று. மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்தோம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஒரு காலை மணிக்கூட்டின் முகம் வெளுத்துக் கிடந்தது. யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிள் மிதித்தேன்.

"தம்பி, ரோச் லைற்றுக்கே பற்றரி இல்லை. நீர் பொட்டு மாதிரி ஒண்டு தேடுறீர்," என்றார் ஒரு கடைக்காரர்.

நானோ ரியூசன் கொட்டிலில் கணிதம் படிப்பிப்பவன், லேசில் விடுவேனா? ஊரில் எல்லோரும் செத்த ரோச் பற்றரியில் ஆணியால் துளை போட்டு, உப்புத்தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்து, றேடியோவில் செய்தி கேட்டார்கள். அப்படிப் பிழைத்த இரண்டைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கி, ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டேன். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் சட்டைக்குள்ளால் தோள், கை என்று ஓடி மணிக்கூட்டின் முதுகில் புகுந்தன. இழுபடாமலிருக்க, வீட்டிலிருந்த கடைசி மருந்துப் பிளாஸ்ரரால் தோலோடு ஒட்டினேன். இலக்கங்கள் எழும்பின.

அந்த நேரம் பார்த்து நீர்வேலியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. வழக்கப்படி பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்க்க ஏற்பாடு. மணிக்கூட்டோடு போனேன். நடக்கத் தொடங்கிய நாள் முதல் கோயிலுக்குப் போகிறவன் நான். ஆனால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது வாசலில் நின்றபோதுதான் என் மூளைக்கு எட்டியது.

கழற்றினேன். கழுத்தில் பை, நெஞ்சில் வயர், கையெல்லாம் பிளாஸ்ரர். சால்வை மூடியதைவிடக் காட்டியதே அதிகம். தூணடியில் நின்ற பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அவளுடைய தாயாரும் முடிவெடுத்திருந்தார். அடுத்த நாள் தரகர் வந்தார்.

"பிள்ளைக்கு நெஞ்சு வருத்தம் எண்டு ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"ஆருக்கு?" என்றார் அம்மா.

"உவருக்குத்தான். நெஞ்சிலை மிசின் பூட்டி, வயரும் கொழுவி... தாய்க்காறி கண்ணாலை கண்டவவாம். வேண்டாம் எண்டிட்டினம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "டேய், உனக்கு வருத்தம் நெஞ்சிலை இல்லையடா, தலையிலை."

மாப்பிள்ளை அழையாமல் பெண் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் பெரிய வெட்கக்கேடு. பின்னேரமே நீர்வேலிக்கு மிதித்தேன். தகப்பனார் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தாயும் மகளும் கிணற்றடியில் நின்றார்கள். நான் சட்டையைக் கழற்றினேன்.

"ஐயா, இது நெஞ்சு மிசின் இல்லை. மணிக்கூட்டுக்குப் பற்றரி."

"மணிக்கூட்டுக்கோ?"

"ஓம். இப்ப கழட்டிறன், பாருங்கோ."

வயரைப் பிடுங்கினேன். இலக்கங்கள் அணைந்தன. நான் அணையவில்லை. நம்பிக்கைக்காக வாழைகளைச் சுற்றி ஓடியும் காட்டினேன். வாய்க்காலில் வழுக்கி விழுந்து, எழும்பி, மிச்சத்தையும் ஓடினேன்.

"காணும் தம்பி, காணும். ஓடினது போதும். நெஞ்சு நல்லாத்தான் இருக்கு," என்ற தகப்பனார் மனைவியைப் பார்த்தார். "மற்றதுகள் எப்பிடியோ தெரியேல்லை."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "ஐயோ அப்பா, அவரின்ரை மணிக்கூட்டிலை நேரம் அழிஞ்சு போச்செல்லோ," என்றாள்.

ஊரே சிரித்த மணிக்கூட்டுக்காகக் கவலைப்பட்டது அவள் ஒருத்திதான். வயரைத் திரும்பக் கொழுவினேன். என் பேர்போன நகம் வாய்க்காலில் முறிந்திருந்தது. அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். வயர் கழராமல் மற்றக் கையால் நான் பிடித்திருந்ததால் பொத்தானையும் அவளே அமர்த்தவேண்டியதாயிற்று. மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுக்க வயர் நீளம் காணாது; கிட்ட வந்துதான் நேரம் வைத்தாள். வைத்து முடிய வெகுநேரம் எடுத்தது.

தகப்பனார் இருமினார். "நேரம் வைச்சாச்செண்டால் சட்டையைப் போடும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

வேண்டாமென்று சொல்லியனுப்பிய தாயார்தான் அடுப்பு மூட்டப் போனார்.

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டியும் பறக்கும் கார் இன்னும் வரவில்லை. குளிசை வந்துவிட்டது, ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதற்கு. எங்கள் மகள் அனுப்பிய புது மணிக்கூடு கதைக்கிறது. என் நெஞ்சு எப்படி அடிக்கிறதென்றும் சொல்கிறது. காலைத் தேத்தண்ணியோடு வரும் மனைவி கண்ணாடியை மாட்டி, என் மணிக்கட்டைத் திருப்பி அந்த இலக்கத்தைப் பார்ப்பாள்.

"எங்கடை அம்மா அப்பவே சொன்னவ, உது நெஞ்சு மிசின்தான் எண்டு."

இதற்கு வயர் இல்லை. அவள் இன்னும் கிட்ட வந்துதான் பார்க்கிறாள்.