பாலத்தடியில் வீட்டுக்கல்

கம்பிவலைக் கூடைக்குள், தட்டையான முகம் வெளியே பார்க்கும்படி கல்லைத் திருப்பி வைத்து, அதன் பின்னால் இன்னொன்றை அடித்து இறுக்கின அந்தக் கைகள். கூடையின் கம்பிக்கண்ணைவிடச் சின்னக் கல் வந்தால் ஆற்றில் எறிந்தன. நிரப்ப நிரப்ப, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கம்பியால் இழுத்துக் கட்டின. கட்டாவிட்டால் கூடை வயிறு தள்ளிவிடும்.

மாக்கெலேசியின் கைகள். போன வெள்ளத்தில் வைனிமாலா ஆறு பாலத்தை ஒட்டிய கரையை அரித்தது. அவள் வீட்டையும் கொண்டுபோனது. அதிலிருந்து தங்கை வீட்டு மூலையில்தான் படுக்கை. மேட்டில் அப்பா வீட்டின் கல் அடித்தளம் மிச்சமிருந்தது. சாலைத்துறைக்காக ஊரார் கரையில் அடுக்கும் இந்தக் கூடைச்சுவர் முடிந்ததும் அதன்மேல் வீடு எழுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கல் சுமந்தாள்.

அடிவரிசையை மற்றவர்கள் நிரப்பி மூடியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் அவள் கை நின்றது. ஒரு கல்லில் வழவழப்பான குழி. அப்பா கத்தி தீட்டிய குழி.

"செவுலோனி, இதை எங்கேருந்துடா கொண்டாந்தே?"

"மேட்டுலேருந்து. ஆத்துல தண்ணி ஏறிடுச்சு. அங்க புல்லு மண்டிச் சும்மாதானே கெடந்துச்சு?" என்றான் லாரிக்காரன்.

"கேக்கணும்னு தோணல, பன்னிப்பயலே?"

"உங்க ஊர்ல நான் என்னிக்குக் கேட்டு எடுத்திருக்கேன்?"

அவன் ஊரும் அவள் ஊரும் ஒரே மூதாதை வழி. ஒருவரையொருவர் வையலாம், கேட்காமல் பன்றியைப் பிடித்துப்போகலாம், சேப்பங்கிழங்கைத் தோண்டிக்கொள்ளலாம். வீட்டு அடித்தளம் அந்தக் கணக்கில் வராது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு போயிற்று.

"அக்கா, பிரிச்சிடலாம். நானே திரும்பக் கொண்டுபோய் அடுக்கறேன்." அக்கா என்று அவன் அழைத்தது அதுவே முதல் தடவை.

மலைப்பக்கம் கறுத்திருந்தது. அடிவரிசையைப் பிரித்தால் இந்த மழைக்கே ஆறு பாலத்தூணுக்குக் கீழே தோண்டிவிடும். அவள் கல்மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு போச்சு?"

"அடிவரிசை முழுக்க அதான்."

"மூடினத இனி யாரு தெறக்கறது? எனக்கு முடியலடா. அடுத்த கல்ல எடு. தட்டையாப் பாத்து எடு."

குழி உள்பக்கம் போகும்படி அந்தக் கல்லை வைத்தாள்.

மழை வந்தது, வெள்ளம் வடிந்தது. சுவர் நின்றது. செவுலோனி முறைப்படி மன்னிப்புக் கேட்க, இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டோடு வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டாள்.

"போய் இடிச்சு வை. எனக்கு வேற கல்லு தேடற வேலையும் உனக்குத்தான். சோம்பேறி ஊர்க்காரனுக்கு அது எந்தக் காலத்துல முடியுமோ!"

சாலைத்துறை இன்ஜினியர் சுவர் நெடுக நடந்து, கூடைகளை உதைத்துப் பார்த்து, குனிந்து அடிவரிசையைக் கவனித்தார்.

"நல்ல கல்லு. வேலை முடிஞ்சதுன்னு சுவர எங்க துறை எடுத்துக்கலாமாம்மா?"

அவள் கடைசிக் கம்பியை முறுக்கி நுனியை உள்ளே மடக்கினாள்.

"எடுத்துக்குங்க."