கிளிப்பச்சை கேலிப்பர்

எனக்குப் பொறாம சாஸ்திங்க. மறைச்சுப் பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதுலயும் கொழுந்தனார் சம்சாரம் மேலன்னா, காலையில எந்திரிச்சு அவ கோலத்தப் பாக்கறப்பவே ஆரம்பிச்சுரும்.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குள்ள அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஊடும் ஒட்டினாப்புல இருக்குது. நடுவுல ஒரே வாசல். எங்க காரு பழசு, அவிய காரு புதுசு. புதுசுன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். அந்தச் சக்கரத்துச் சந்துல செக்கச்செவேல்னு ஒண்ணு எட்டிப் பாக்கும். அது என்னன்னு எங்கூட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "கேலிப்பர். பிரேக்க மிதிச்சா சக்கரத்துத் தட்டக் கவ்விப் புடிக்குமே, அந்த இரும்பு. எல்லா வண்டியிலயும் இருக்கும். அதுக்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்குது, அவ்ளோதான்"னார். அவருக்கு அவ்ளோதான். எனக்குத் தூக்கம் போச்சு.

அமாவாசையானா அவ பவுசு இன்னுங் கூடும். சாயங்காலம் உப்பு, வரமொளகா, தெருமண்ணு எடுத்து அந்தக் காரச் சுத்திச் சுத்தி வருவா. அப்புறம் பொது வாசல்ல நெருப்புல போடுவா. மொளகா கமறலீன்னா வண்டி மேல கண்ணு பட்டிருக்குது, கமறுச்சுன்னா படலீன்னு கணக்கு. அவளுதுல எந்த மாசமும் கமறுனதில்ல. "பாருங்கக்கா, ஒரு தும்மல் வருதா? எத்தன கண்ணோ!"ன்னு எங்கூட்டுப் பக்கம் திரும்பிச் சொல்லுவா. என்னத்தச் சொல்ல, பாதி என்ற கண்ணுதான்.

எனக்கு அவ காரு வேண்டாம். என்ற காரப் பாத்து ஒரு தடவ, ஒரே தடவ, அவளுக்கு வயிறு எரியோணும். அது போதும்.

போன்ல வீடியோ பாத்தேன். பொள்ளாச்சிக்குப் போன கையோட சூடு தாங்கற பெயிண்ட் ஒரு டப்பா வாங்கினேன். செவப்பு வாங்குனா அவளப் பாத்துச் செஞ்சேன்னு ஆயிரும், அதனால கிளிப்பச்சை. "பிரேக்கு புடிச்சாப் பத்தாதா, அதுக்குப் பொட்டு வேற வெக்கோணுமா?"ன்னார் எங்கூட்டுக்காரர். "ஜாக்கி மட்டும் போட்டுக் குடுங்க, வாயி வேண்டாம்"னேன்.

அவிய மூணாறுக்கு டூர் போன ஞாயித்துக்கிழமையாப் பாத்து உக்காந்தேன். சக்கரத்தக் கழட்டினா உள்ள பாக்கச் சகிக்கல, அத்தன துருவும் கரியும். கம்பி பிரஷ்ஷுல தேய்ச்சுத் தேய்ச்சு என்ற வளையலெல்லாம் கருத்துப் போச்சு. பிரேக் கிளீனர் அடிச்சுத் தொடைச்சேன். தட்டு மேலயும் ரப்பர் மேலயும் பெயிண்ட் படாம பேப்பரும் டேப்பும் ஒட்டிட்டு, சின்ன பிரஷ்ஷால ரெண்டு கோட்டிங் அடிச்சேன். முன்சக்கரம் ரெண்டுக்கு மட்டுந்தான். பின்னாடி டிரம் பிரேக்கு, அதுல கேலிப்பரே கெடையாது. அவளுதுல நாலு. அப்பவும் ஒரு எரிச்சல் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

காஞ்சதும் சக்கரத்த மாட்டி, மேல பிளாஸ்டிக் மூடியையும் டப்புடப்புனு தட்டி மாட்டிட்டுத் தள்ளி நின்னு பாத்தா, ஒண்ணுந் தெரியல! அந்த மூடிதான் எல்லாத்தையும் மூடிருதே! எங்கூட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பு தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். மூடியெல்லாம் புடுங்கிக் கோழிக்கூட்டு மேல எறிஞ்சேன். இப்ப இரும்புச் சக்கரத்து ஓட்டையில கொஞ்சம் பச்சை தெரிஞ்சுது. ஸ்டீரிங்க முழுக்க ஒடிச்சு நிறுத்தினா இன்னுங் கொஞ்சம். அப்படியே நிறுத்தினேன், அவ ஊட்டுப் படியப் பாத்து.

சாயங்காலம் வந்தா. எறங்கினதுமே பாத்துட்டா. "அட, கிளிப்பச்சை! நீங்களே அடிச்சீங்ளாக்கா? சூப்பருங்கக்கா!" குனிஞ்சு பாத்து, போட்டோ எடுத்து, மூணாறு ஏலக்காய்ப் பொட்டலம் ஒண்ணக் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. அந்த மூஞ்சில என்ன இருந்துச்சுன்னு எனக்குப் புடிபடல. உள்ள எரிஞ்சிருக்கும், வெளிய காட்டிக்கல, கள்ளின்னு நெனச்சேன். நாளாக நாளாக அத நம்பவே ஆரம்பிச்சுட்டேன்.

அமாவாச வந்துச்சு. அவளுக்கு முந்தி நான் வாசல்ல நின்னேன். கை நெறைய வரமொளகா. வண்டியச் சுத்தினேன், முன்சக்கரத்துக்கிட்ட இன்னொரு சுத்து சேத்து. அவளும் படியில வந்து நின்னு பாத்தா. பாக்கட்டும், இன்னிக்கு அவ கண்ணு என்ன லட்சணம்னு ஊருக்கே தெரியட்டும்னு நெருப்புல போட்டேன்.

ஐயோ சாமி! தொண்டையக் கிழிச்சாப்புல கமறுச்சு. நாயி தோப்புக்குள்ள ஓடிருச்சு. எங்கூட்டுக்காரர் துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு, "ஊரையே கொல்லப் பாக்கறியா?"ன்னு கத்திட்டு வந்தார். நான் கண்ணுந் தெரியாம வாசல்ல குத்தவெச்சு இருமறேன்.

அவதான் இருமிட்டே சொம்புத் தண்ணியோட ஓடி வந்தா. முதுகத் தடவிக் குடுத்தா.

"நல்லதுங்கக்கா, நல்லதுங்க! என்னமாக் கமறுது பாருங்க! உங்க வண்டி மேல ஒருத்தர் கண்ணும் படலீங்கக்கா!"

பாவி மக, மனசாரச் சொன்னா.