குப்பைக்குள் வந்த அழைப்பு

புதுச்சத்திரத்தில் யாரிடமாவது போய், விண்ணப்பத்தில் மெயில் ஐடி கேட்கிறார்களே என்ன செய்வது என்று விசாரித்துப் பாருங்கள். மைதிலி கடைக்குத்தான் கை காட்டுவார்கள். நெடுஞ்சாலையை ஒட்டி, பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் அகலத்துக்கு இருக்கும் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓயாமல் மக்கர் பண்ணும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். மைதிலி ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, லாரிப் பட்டறை வைத்திருக்கும் அருணகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பட்டறைக்கு பில் அடிக்கத்தான் முதலில் கற்றுக்கொண்டாள். அப்புறம் ஊருக்கே அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஊருக்கே அடித்துக் கொடுத்தது போதாது என்று, ஊருக்கே மெயில் ஐடியும் அவளுடையதுதான். அந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவர்கள். இன்றைக்கு ஒரிசா, அடுத்த மாதம் ராஜஸ்தான். போகிற இடத்துக்கு ஒரு சிம் கார்டு மாற்றுவார்கள். யார் எங்கே எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "மைதிலியக்கா ஐடியைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே!

அதனால் ஊருக்கு வருகிற மோசடியெல்லாம் அவள் பெட்டியில்தான் வந்து விழும். ஆப்பிரிக்காவில் ரிக் ஆபரேட்டர் வேலை, வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள், அவசரம், உடனே பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள் என்று தினமும் ஏதாவது ஒன்று. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அதை நம்பி மும்பை வரை போய் அனாதையாக நின்றான். அன்றைக்கு மைதிலிக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. அந்த மாதிரி மெயிலைக் கண்டாலே ஸ்பேம் என்று அழுத்திக் குப்பைக்குத் தள்ளுவாள். அழுத்தி அழுத்தி, ஒரு கட்டத்தில் அவள் அழுத்தவே தேவையில்லாமல் போயிற்று. வருகிற மோசடிகள் தாமாகவே போய்க் குப்பையில் விழுந்தன.

"என்றகிட்ட இருந்தே கத்துக்கிச்சுங்க. எனக்கு எது ஆகாதுன்னு அதுக்குத் தெரியுது" என்று அருணகிரியிடம் சொல்லிச் சொல்லி வியந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கே அது பிடிபடவில்லையே என்றான் அருணகிரி.

பட்டறை லாரி ஒன்றுக்கு இன்சூரன்ஸ் மெயில் வரவேண்டியிருந்தது, வரவில்லை. அதைத் தேடித்தான் அவள் நெடுநாளைக்கப்புறம் ஸ்பேமைத் திறந்தாள். இன்சூரன்ஸ் அங்கேதான் கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் கிடந்தது. 'அவசரம்: நீங்கள் ஒருவருக்குப் பொருந்துகிறீர்கள். நினைவூட்டல்.' வழக்கமான புளுகு என்று அழிக்கப் போனவள், உள்ளே இருந்த பெயரைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். இளஞ்செழியன்.

அதே ஊர்ச் சாலம்மாளின் மகன், ரிக் வண்டியில் குழி போடும் டிரில்லர். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ரிக்காரர்கள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தபோது, நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசை போட்டுச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ரத்தத்தின் மூல அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்லை, கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, சம்மதித்தவர்களின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். இளஞ்செழியனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததே மைதிலிதான். மெயில் ஐடி என்ற கட்டத்தில் தன்னுடையதைத்தான் எழுதினாள்.

ஸ்பேமில் விழுந்தது மாதம் ஒன்று போனால் தானாகவே அழிந்துவிடும். இது நினைவூட்டல் என்றால், முதலில் வந்த மெயில் அங்கேயே கிடந்து அழிந்துபோயிருக்கிறது. யாரோ ஒரு நோயாளி எங்கேயோ படுத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க, பதில் போக வேண்டிய இடத்தில் அவள் மெஷின் குப்பை கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனாலும் மெயிலில் இருந்த எண்ணுக்கு அவள் கூப்பிடவில்லை. மெயிலில் வந்த எண்ணை நம்பாத பழக்கம் அவளை விடாது. கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாலம்மாள் வீட்டுக்கு ஓடினாள். நோம்பியன்று மேசைக்காரர்கள் கொடுத்த அட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினாள்.

எடுத்த பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்தாள். பிறகு, "மேடம், அவரை நாங்க எத்தனை தடவை கூப்பிட்டோம் தெரியுமா? லட்சக்கணக்கான பேர்ல தேடினோம். முழுசாப் பொருந்துறது இவர் ஒருத்தர்தான். பேஷன்ட் ஆறு வயசுப் பொண்ணு. இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கா" என்றாள்.

மைதிலி போனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்கே பல சமயம் பொருந்தாதாமே! எந்த ஊர், எந்த சாதி, என்ன பாஷை என்றே தெரியாத ஒரு குழந்தைக்கும், போர்வெல் மண்ணில் குளித்துக்கொண்டிருக்கும் இந்தப் பையனுக்கும் உடம்புக்குள் ஒரே எழுத்து எழுதியிருக்கிறது. யார் எழுதினார்கள் இதை?

"என்ன கண்ணு, என்ன சொல்றாங்க?" என்று சாலம்மாள் அரண்டு போய்க் கேட்டாள். மைதிலி சொன்னாள். மகனுடைய புது எண் அம்மாவுக்கே தெரியவில்லை. அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு.

அருணகிரிதான் வழி கண்டுபிடித்தான். பட்டறைக்கு வண்டி கொண்டுவரும் ரிக் டிரைவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு இருந்தது. "புதுச்சத்திரம் இளஞ்செழியன் எந்த வண்டீல இருந்தாலும் உடனே ஊட்டுக்குப் பேசச் சொல்லுங்க. உசுரு சமாச்சாரமுங்க" என்று அதில் பேசிப் போட்டான். பீகாரிலிருந்து ஒருவன் இங்கே இல்லை என்றான். மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒருவன் போன மாதம் பார்த்தேன் என்றான். பொழுது சாய்வதற்குள் சத்தீஸ்கரில் ஒரு காட்டோரத்தில் ஆள் அகப்பட்டுவிட்டான்.

போனில் முதலில் கேட்டது குழிக்குள் காற்றை அடிக்கும் கம்ப்ரசரின் இரைச்சல்தான். போர்வெல் குழி ஓடும்போது அதை நடுவில் நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் வெட்டிய மண் மேலே வராமல் குழிக்குள்ளேயே இறங்கி, அடியில் பாறையை உடைக்கும் ஹேமரைக் கவ்விக்கொள்ளும். அந்த இரைச்சலுக்கு மேலே மைதிலி கத்தினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இளஞ்செழியன் சிரித்தான்.

"ஏனுங்க்கா, இந்த மாதிரி வாரதயெல்லாம் நம்பாதீங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

தன் பாடமே தன் தலையில் வந்து விடிந்ததே என்று அவள் நொந்துகொண்டாள். "சொன்னேன் சாமி. இது நெசம். அட்டையில இருக்கற நம்பருக்கு நானே பேசிட்டேன். ஒரு பொட்டப்புள்ள உன்னொருத்தனுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்குது."

அவன் சிரிப்பு நின்றது. "இந்தப் போர் முடிஞ்சதும் ரயிலேறி வாரேனுங்க" என்றான்.

வந்தான். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதனைகள் செய்தார்கள். சில நாள் ஊசி போட்டார்கள். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் விட்டு, வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் ஏற்றினார்கள். துணைக்குப் போன மைதிலி கண் கொட்டாமல் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்கத்தானே தானும் நினைத்தோம், இப்படியல்லவா பிரிக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. கடைசியில் ஒரு சின்னப் பை நிறைந்தது. ஒரு டம்ளர் காப்பி அளவுகூட இருக்காது. அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ஒருவர் வேகமாக நடந்து போனார். எந்த ஊருக்கு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாதாம். குழந்தை தேறினாளா இல்லையா என்பதுகூட, தெரிவிக்கலாம் என்று தோன்றும்போது மெயிலில்தான் வரும் என்றார்கள்.

மெயிலிலா! மைதிலி ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த மெயிலை 'ஸ்பேம் அல்ல' என்று வெளியே எடுத்தாள். அந்த முகவரியைத் தன் தொடர்புகளில் சேர்த்தாள். இங்கிருந்து வருவதை எந்தக் காலத்திலும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று தனியாக ஒரு கட்டளையும் போட்டாள். நன்றி என்று ஒரு பதிலும் எழுதினாள், மெயில் போய்வந்தால் மெஷின் அடையாளம் வைத்துக்கொள்ளும் என்பதால். இளஞ்செழியனை உட்காரவைத்து அவனுக்கென்று ஒரு ஐடியும் திறந்துகொடுத்தாள். திறந்து என்ன பிரயோசனம்? கடவுச்சொல்லை மறந்துவிட்டு மறுபடியும் வண்டி ஏறிவிட்டான்.

இத்தனை செய்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் கடை வாசல் தெளித்து, சாமிக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, முதலில் ஸ்பேமைத்தான் திறப்பாள். லாட்டரி, கடன், ஆப்பிரிக்க வேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படிப்பாள். "குப்பையில கோலம் போடறா" என்று அருணகிரி கிண்டலடித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாலம்மாள் அந்தக் குழந்தைக்காக வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்தாள். பெயர் என்ன என்று பூசாரி கேட்டால், "பேரு தெரியாதுங்க சாமி, அம்மாளுக்குத் தெரியும்" என்பாள்.

மறு வருஷத்து நோம்பிக்குக் கோயிலில் கம்பம் நட்ட வாரத்தில், ஒரு காலை மைதிலி வழக்கம்போல ஸ்பேமைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. இன்பாக்ஸுக்கு வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், 'வாழ்த்துகள்' என்று இருந்தது. அனுப்பியவர்கள் அந்த அட்டை கொடுத்தவர்கள்தான்.

ஒரு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். பிறகு இளஞ்செழியன் கடைசியாகப் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டாள். கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"போர் ஓடுதுங்க்கா, அப்பறமாப் பேசறேன்!"

"மெயில் வந்துருச்சு சாமி!"

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ குழிக்குள்ளிருந்து ராடைத் தூக்கச் சொல்வது கேட்டது. இரும்பு உரசும் சத்தம் வந்தது. அப்புறம், ஓடுகிற போரில் எந்த டிரில்லரும் செய்யாததை அவன் செய்தான். கம்ப்ரசரை நிறுத்தினான். எங்கேயோ ஒரு குருவி கத்துவதுகூட அவளுக்குக் கேட்டது.

"படிங்க்கா."

"குழந்தை நல்லா இருக்குது. இந்த மாசத்துல இருந்து பள்ளிக்கூடம் போகுது. அப்பறம்..." அவள் அடுத்த வரியை விரலால் தொட்டுக்கொண்டாள். "அவளுக்கு முன்னால வேற வகை ரத்தமாம். இப்ப மாறிப்போச்சாம். இப்ப அவ உடம்புல ஓடறது உன்ற வகையாம் சாமி."

கம்ப்ரசரை அவன் இன்னும் போடவில்லை.

"இன்னொருக்காப் படிங்க்கா" என்றான்.