மிஸ் கழுத்தில் ஒரு மைக்

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் மாட்டினால் கேட்கும். ஆனால் நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் டீச்சர் குரல் மட்டும் தனியாக விழாது. அதற்கென்று ஒரு சின்ன மைக் இருக்கிறது. டீச்சர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினால், பேச்சு நேராக இவள் காது மெஷினுக்குள் வந்துவிடும். ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, அந்த மைக்கோடு நானும் போய் நின்றேன்.

வகுப்பு மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். தாலிச் சரடில் சிக்காமல் மைக்கை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கட்சிக் கூட்டத்தில் பேசுவது போல, "மாணவச் செல்வங்களே!" என்றார். என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாவே பேசலாம் மிஸ்."

"அப்படியாம்மா? கத்திக் கத்தியே பழகிடுச்சு."

அணைக்கிற பட்டனையும் காட்டினேன். காட்டியதாகத்தான் நினைக்கிறேன்.

முதல் வாரம் அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை. மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எவளோ கிளப்பிவிட்டிருந்தாள். தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டதாகச் சொன்னாள். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பால் குடித்துக்கொண்டே, "அம்மா, மிஸ்ஸோட மாமியாருக்கு வாய் ஜாஸ்தி" என்றாள்.

"யாருடி சொன்னா?"

"மிஸ்தான்."

மறுநாள், ஹெச்.எம். ஒரு சிடுமூஞ்சி என்றாள். அதற்கடுத்த நாள், மிஸ்ஸுக்கு முட்டி வலி. பிள்ளைக்குக் கற்பனை வளர்கிறது, நல்லதுதானே என்றார் என் கணவர்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்றைக்கும் கழுத்தில் மைக்கோடு இருந்த மிஸ் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"என் சர்வீஸ்லயே இப்படி ஒரு கிளாஸைப் பார்த்ததில்லம்மா. எப்ப நுழைஞ்சாலும் கப்சிப்னு உட்கார்ந்திருக்குதுங்க!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வராந்தாவுக்கு வரும் வரை. அங்கே நாலைந்து பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி என்னிடம் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, மிஸ் ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சிகினு இருந்தா இவளுக்குக் கேக்குது! கிளம்புனா 'வராங்கடீ'ன்னுவா. ஒடனே எல்லாரும் ஒக்காந்துக்குவோம்!"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மனசு கேட்கவில்லை. திரும்ப உள்ளே போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கை மெதுவாகக் கழுத்துக்குப் போயிற்று.

"ஸ்டாஃப் ரூம் வரைக்குமா கேக்கும்?"

"பக்கத்து ரூம்தானே மிஸ்."

கண்ணை மூடிக்கொண்டு, பேசியதையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு இடம் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஹெச்.எம். பத்தி..."

"எங்க வீட்டோட நின்னுடுச்சு மிஸ்."

"மாமியார்?"

நான் சுவரிலிருந்த அ, ஆ சார்ட்டைப் பார்த்தேன். அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சத்தமே வெளியே வரவில்லை. அப்படியும் வராந்தாவிலிருந்து என் மகளின் குரல் கணீரென்று கேட்டது:

"மிஸ் சிரிக்கிறாங்கடீ!"

இருவரும் மைக்கைக் குனிந்து பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து மிஸ் மறக்காமல் அணைத்துவிட்டு வெளியே போனார். அன்றைக்கே பதினொரு பேர் பெஞ்சு மேல் ஏறி நின்றபடி மிஸ்ஸிடம் மாட்டினார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. சாயங்காலம் கேட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒரு கூட்டம்.

"இன்னா ஆன்ட்டி, இப்படிப் போட்டுக் குடுத்துட்டீங்க?" என்றாள் இரட்டைச் சடை, கையைக் கட்டிக்கொண்டு.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவளை ஒட்டி நின்ற என் மகளும் அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தாள்.