வீதிக்கு முதுகு காட்டிய நாற்காலி

“பொறாமையா? எனக்கா? எதிர்க்கடைப் பக்கம் என் கண்ணு போச்சுன்னா, அந்தக் கண்ணையே கழட்டி மீனுக்குப் போட்டுடறேன்!”

இப்படிச் சூளுரைத்த பெரியவரை எங்கள் கடைவீதி ‘அசல்’ என்று அழைக்கும். பவளப்பாறை மீன் விற்கிறவர். இனத்துக்கொரு தொட்டி, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது. வாக்குத் தவறாதிருக்க நாற்காலியையும் திருப்பி, வீதிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்.

எதிர்க்கடை அவருடைய சகலையினுடையது. மனைவியின் தங்கை புருஷன். அவனும் மீன்தான் விற்றான். இருவரும் தோளில் கைபோட்டுத்தான் பேசுவார்கள். கழுத்து அருகிலேயே இருக்கிறது என்ற வசதிக்காக.

வினை ஒரு கோமாளி மீனால் வந்தது. கருஞ்சிவப்பு உடம்பு, மஞ்சள் பட்டை, தாடகை குணம். அசல் அதற்கு அதன் இனத்திலேயே வரன் பார்த்து விட்டுக்கொண்டேயிருந்தார். வந்த மாப்பிள்ளையெல்லாம் மறுநாள் மிதந்தான். “பிடாரி! நீயே வச்சு அழு” என்று ஒருநாள் சகலையிடம் தள்ளிவிட்டார். மனசுக்குள், ‘அவன் தொட்டியையும் காலி பண்ணட்டும்.’

சகலை சோம்பேறி. தனித் தொட்டி கழுவ உடம்பு வணங்கவில்லை. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறப் பொடியன் ஒருவன் இருந்த தொட்டியிலேயே அவளைப் போட்டுவிட்டான். அவனும் கோமாளி மீன்தான். ஆனால் வேறு இனம், பங்காளி முறை. இரண்டே வாரத்தில் பிடாரி அவனோடு ஒட்டி நீந்தினாள். பிறகு தொட்டிக்குள் கிடந்த மண்சட்டியின் மேல் மணிமணியாக முட்டை.

வீதியே திரண்டது.

“கதியத்ததுங்க செய்யற வேலை!” என்று அசல் தன் தொட்டிகளுக்குப் பிரசங்கம் செய்தார். “பாறையில சொந்த இனத்துல ஜோடி கிடைக்கலன்னா, பக்கத்து இனத்தோட ஒதுங்கிக்கும். அதைப் போய் அதிசயம்னு பாக்கறானுங்க.”

“நீங்களும் நானும் மட்டும் ஒரே இனமா?” என்றாள் மனைவி. “எங்கப்பா ஒதுங்க இடம் குடுத்தாரு, அவ்வளவுதான்.”

இந்தச் சமயத்தில்தான் அசல் ஒரு தொட்டியை மீனில்லாமல் விட்டு, பின்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டினார். “தண்ணி தெளியட்டும்” என்றார். தண்ணீர் தெளிந்தே இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், அந்தக் கண்ணாடியில் எதிர்க்கடைத் தொட்டி தலையும் வாலுமாகத் தெரியும். சபதத்தில் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை நியாயவான்கள் கவனிக்க வேண்டும்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் பொரிந்தன; பசியில் அத்தனையும் செத்தன. அன்று அசல் தேநீரில் சர்க்கரையைத் தூக்கலாகப் போடச் சொன்னார்.

மறுபடி முட்டை வந்ததும் மச்சினிச்சி ஓடிவந்தாள். “அத்தான், குஞ்சுக்கு என்ன போடறதுன்னே தெரியல. இவரு பொட்டுக்கடலை மாவு போடலாமாங்கறாரு.”

அசலுக்குத் தெரியும். பிறந்த குஞ்சு உயிருள்ள இரைதான் தின்னும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகள் அவருடைய பின்கட்டு வாளிகளில், பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் லட்சக்கணக்கில் நெளிந்தன. அந்த வீதியில் வேறெவரிடமும் கிடையாது. அவர் வாயைத் திறக்காவிட்டால் போதும், இந்த ஈடும் காலி.

“எனக்கென்னம்மா தெரியும்? நான் அசல் இனம் மட்டும் விக்கறவன்.”

அவள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். மனைவி இடுப்பில் கை வைத்தாள். “அந்தப் பிடாரி நம்ம கடையில வளர்ந்தவதானே? பிள்ளைப்பேறுன்னா தாய்வீடு எட்டிப் பாக்க வேணாமா?”

‘தாய்வீடு’ என்ற சொல் அவரை எங்கேயோ கடித்தது. ‘என் கடைப் பொண்ணு பெத்துப்போட, அவன் பேரு வாங்கறதா?’ மறுநாள் முதல் வாளியும் கையுமாக வீதியைக் கடந்தார். தர்மம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், சுத்தமான வயிற்றெரிச்சல். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே ஊற்றினார். பாதி தரையில் போனது.

குஞ்சுகள் பிழைத்தன. வளர வளரச் செம்மண் நிறம் ஏறியது. ஒரு குட்டிக்கு மட்டும் வெள்ளைப் பட்டை நேராக நில்லாமல், மின்னல் வெட்டியதுபோல் முறிந்து ஓடியது. அப்படியொன்றை அசல் தன் ஆயுளில் விற்றதில்லை.

“உங்க சகலைக்கு என்னா கைராசி!” என்றார் தேநீர்க்கடைக்காரர். அசல் சிரித்தார். சர்க்கரை வேண்டாம் என்றார்.

அன்று மாலையே சகலை அந்த மின்னல் குட்டியைத் தண்ணீர்ப் பையில் போட்டு எடுத்துவந்தான். “சகல, நீங்க இல்லன்னா இது ஏது? வச்சுக்குங்க.”

காலித் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அசலின் கை பாதி நீண்டது. பிறகு மீசைக்குப் போனது.

“கலப்பு மீனு... என் கடையிலயா? எடுத்துட்டுப் போயிடு.”

சகலை தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். குட்டியைத் தன் முன்தொட்டியில், விளக்குக்கு நேர்கீழே விட்டான். அசல் கறுப்புக் காகிதக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் அந்த மின்னல் சரியாகத் தெரியவில்லை. வெறும் கீற்றாகத்தான் ஓடியது.

எழுந்தார். சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி, வீதியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, இந்த மஞ்ச மீனு என்ன விலை?” என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

“எது?” என்றார் அசல், திரும்பாமலே.